சுவரில் விழுந்த மோதிரம்

கல்லூரியில் முதலாண்டு பயிலும் வாசக அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். மாலை வேளைகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறாராம். அடுத்து வரும் சூரிய கிரகணத்தைத் தம் கையாலேயே படம் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கடைக்குச் சென்று விசாரித்தபோது, கேமராவும் அதற்கேற்ற நீண்ட வில்லையும் முக்காலியுமாக அவருடைய தந்தையாரின் பல மாத ஊதியத்தை விழுங்கும் ஒரு தொகையைச் சொன்னார்களாம். "இவையெல்லாம் இன்றிக் கிரகணத்தைப் படம் பிடிக்கவே இயலாதா? இயலாதென்றால் சொல்லிவிடுங்கள், ஆசையை விட்டுவிடுகிறேன்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

உடனே பதில் எழுத நமக்குக் கை வரவில்லை. ஏனெனில், அந்த நீண்ட வில்லைக்கும் முக்காலிக்கும் ஆசைப்பட்டு ஒரு கிரகணத்தையே கோட்டைவிட்ட அனுபவம் நமக்கு உண்டு. அதைச் சொல்லாமல் அவருக்குப் பதில் சொல்வது நேர்மையாகாது. சற்று வெட்கத்தோடுதான் சொல்லப் போகிறோம்.

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், வியாழக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். புனித முடியப்பர் திருநாள். அன்று காலையில் கங்கணக் கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. சந்திரன் பூமியைச் சுற்றும் பாதை முழு வட்டமன்று; ஆகையால் சில வேளைகளில் அது நமக்கு அருகிலும், சில வேளைகளில் சற்றுத் தொலைவிலும் இருக்கும். தொலைவில் இருக்கும்போது சூரியனுக்கு நேரே வந்து நின்றாலும் அதை முழுவதும் மறைக்கப் போதாது. ஓரத்தில் மெல்லிய வளையமாகச் சூரியன் எஞ்சி நிற்கும். கையில் அணியும் கங்கணம் போல் தோன்றுவதால் அப்பெயர். அன்றைய கிரகணம் அரேபிய நாடுகளில் தொடங்கி, கேரளத்தின் வடபகுதி, நீலகிரி, கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் என்று நம் மக்கள் வாழும் நிலத்தின் குறுக்கே நடந்து சென்று, சுமத்ரா, சிங்கப்பூர் வழியாகக் கீழ்க்கடலைச் சேர்ந்தது. நம் பகுதியில் காலை 8 மணி கடந்து சில நிமிடங்களில் தொடங்கி, 9.30 மணி அளவில் வளையமாகி, 11.15 மணி அளவில் விலகியது. வளையம் நின்ற நேரம் ஏறத்தாழ 3 நிமிடம்.

அந்த மூன்று நிமிடத்துக்காக நாம் மூன்று மாதம் முன்பிருந்தே தயாரானோம். நண்பர் ஒருவரிடம் கேமராவை இரவல் வாங்கினோம், வேறொருவரிடம் வில்லையை, மூன்றாமவரிடம் முக்காலியை. சூரிய ஒளியைத் தடுக்கும் கறுப்புத் தகட்டை வெளியூரிலிருந்து தருவித்தோம். எந்த நொடியில் எந்த வேகத்தில் படம் எடுப்பது என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதினோம். இத்தனையையும் சுமந்துகொண்டு, விழாவை முன்னிட்டுத் திண்டுக்கல்லுக்கு அருகே சிற்றூரில் வாழும் நம் மூத்த சகோதரியின் இல்லத்துக்குச் சென்றோம்.

அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்போது அது பழைய ஓட்டு வீடு. கூடமும் இரண்டு அறைகளும். நம் தாயார் அங்கேதான் இருந்தார். அவருக்கு அப்போது வயது 79. சகோதரியின் மகள் தலைப்பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள், ஏழாம் மாதம்.

விழா இரவுத் திருப்பலி முடிந்து வந்த அசதியெல்லாம் தீருமுன்னரே நம் தாயார் கிரகணத்துக்கான கட்டளைகளைப் பிறப்பித்துவிட்டார். பேத்தி உள்ளறையை விட்டு வெளியே வரக் கூடாது. சன்னல் கதவுகளைச் சாத்திவிட வேண்டும். கத்தி, அரிவாள்மனை எதையும் தொடக் கூடாது. உடம்பைச் சொறியவும் கூடாது. கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருக்க வேண்டும். நாம் படித்தவர்கள் என்ற மிடுக்கில் குறுக்கிட்டு, "அம்மா, ஞானஸ்நானம் பெற்ற வீட்டில் இதெல்லாம் என்ன?" என்று கேட்டோம். "உனக்கு என்ன தெரியும்? நீ உன் பெட்டியைத் தூக்கிட்டுப் போ" என்றார்.

நமக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் மறந்திருந்தோம். நம் தாயாருக்கு ஒரு தம்பி இருந்தார். மேலுதடு பிளந்து பிறந்தவர். பாலை உறிஞ்ச முடியாமல் பஞ்சில் நனைத்து ஊட்டி வளர்த்தார்களாம். பேச்சு தெளிவாக வராது. பள்ளியில் கேலி தாளாமல் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார். பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அவரைச் சுமந்திருந்த நாளில் ஏதோ ஒரு கிரகணத்தன்று நம் பாட்டியார் வாசலில் அமர்ந்து காய் நறுக்கியதுதான் காரணம் என்று ஊர் சொல்லிற்று; வீட்டார் சொன்னார்கள்; பாட்டியாரே இறுதிவரை அதை நம்பி, தம் மகனின் முகத்தை நிமிர்ந்து பாராமலே வாழ்ந்து முடித்தார். இதைக் கண்ணால் கண்டு வளர்ந்த ஒரு பெண்மணியிடம் போய் நாம் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசினோம்!

சரி, நாம் நம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில் மைதானத்துக்குச் சென்றோம். குடிலில் இன்னும் விளக்குகள் அணையவில்லை. மைதானத்தில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். பங்குத்தந்தை சிலருக்குக் கிரகணக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தார். அது கைமாறிக் கைமாறிச் சுற்றிக்கொண்டிருந்தது. நாம் முக்காலியை ஊன்றி, தகட்டைக் கட்டி, திரையைப் பார்த்துக் குனிந்தோம். குனிந்தவர்கள் நிமிரவில்லை.

முதலில் சூரியன் திரையின் ஓரத்துக்கு நழுவிக்கொண்டே இருந்தது. நீண்ட வில்லையில் பூமியின் சுழற்சி அவ்வளவு வேகமாகத் தெரியும் என்று நாம் கட்டம் போட்ட தாளில் எழுதியிருக்கவில்லை. முக்காலியின் திருகு ஒன்று இறுக மறுத்தது. 9.30 மணி நெருங்கும்போது குவியம் கலைந்தது. அதைச் சரிசெய்கையில் மெல்லிய மேகம் ஒன்று கடந்தது. பின்னால் பிள்ளைகள் "மோதிரம்! மோதிரம்!" என்று கூவினார்கள். நாம் பொத்தானை அழுத்தினோம், அழுத்தினோம், அழுத்திக்கொண்டே இருந்தோம். கூச்சல் அடங்கியபோது நிமிர்ந்தோம். கழுத்து வலித்தது. எல்லாம் முடிந்திருந்தது.

மொத்தம் 96 படங்கள். ஒவ்வொன்றிலும் கறுப்புப் பின்னணியில் ஓரம் மங்கிய ஒரு வெண்ணிற வளையம். அதே நாளில் நம்மிலும் திறமைசாலிகள் ஆயிரக்கணக்கானோர் எடுத்த படங்களில் இதனினும் தெளிவான வளையங்கள் இருந்தன. நம் படத்தைப் பார்த்து அது திண்டுக்கல்லா, சிங்கப்பூரா என்று எவரும் சொல்ல இயலாது. அன்றைய வெயில் எந்த நிறமாய் மாறிற்று, மரத்தடியில் என்ன நடந்தது, பிள்ளைகளின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் நமக்குத் தெரியாது. அந்த இடத்தில் இருந்தோம். ஆனால் கிரகணத்தைக் காணவில்லை.

சோர்ந்து வீடு திரும்பினோம். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. மருமகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "மாமா, உங்க படத்தை அப்புறம் பார்க்கலாம். இதைப் பாருங்க" என்று தன் கைப்பேசியை நீட்டினாள்.

நடந்தது இதுதான். கதவையும் சன்னலையும் சாத்திய இருட்டறையில் அவள் படுத்திருந்தாள். பழைய ஓட்டு வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்: ஓடுகளுக்கு இடையே எங்கேனும் ஓர் இடுக்கு, எங்கேனும் உடைந்த ஒரு முனை இருக்கும், அதன் வழியே வெயில் இறங்கித் தரையிலும் சுவரிலும் வட்ட வட்டமாகக் காசு போட்டு வைக்கும். குழந்தைப் பருவத்தில் அந்தக் காசுகளைப் பிடிக்க ஓடாதவர் யார்? அன்றும் எதிர்ச் சுவரில் அத்தகைய காசுகள் விழுந்திருந்தன. வேறு வேலையின்றி அவற்றையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள், அவை வட்டமாக இல்லை என்பதைக் கவனித்தாள். ஒவ்வொரு காசையும் யாரோ ஒரு பக்கமாகக் கடித்திருந்தார்கள். சிறிது நேரத்தில் காசுகள் அரிவாள்களாயின. பிறகு பிறைகளாயின. சுவரில் மூன்று, தரையில் இரண்டு, எல்லாம் ஒரே பக்கம் திரும்பிய பிறைகள்.

"அம்மாச்சி, இங்கே வாங்களேன்" என்று கூப்பிட்டிருக்கிறாள். வாசற்படியில் காவல் இருந்த நம் தாயார், என்னவோ ஏதோ என்று பதறி உள்ளே ஓடியிருக்கிறார். எதை வெளியே நிறுத்திவிட்டதாக எண்ணிக் கதவைச் சாத்தினாரோ, அது கூரை வழியாக உள்ளே வந்து சுவரில் உட்கார்ந்திருந்தது.

முதலில் திகைத்து நின்றாராம். பிறகு அருகே சென்றாராம். அந்த நேரத்தில் பிறையின் இரு முனைகளும் நீண்டு ஒன்றையொன்று தொட, சுவரில் மூன்று மோதிரங்கள் உண்டாயின. நம் தாயார் என்ன நினைத்தாரோ, தம் வலக்கையை நீட்டி, சுவரில் விழுந்த ஒரு மோதிரத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். அந்தக் கணத்தில் பேத்தி கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தாள். ஒரே படம். இரண்டாவது எடுப்பதற்குள் கையை இழுத்துக்கொண்டு, "போதும், படு" என்று சொல்லிவிட்டாராம்.

அந்தப் படத்தைப் பார்த்து நாம் பேச்சற்றுப் போனோம். படக்கலை வல்லுநர் குறை சொல்ல அதில் நிறைய உண்டு. இருட்டில் எடுத்ததால் புள்ளி புள்ளியாக இருக்கிறது. ஒரு விரலின் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனால், வயலிலும் அடுப்படியிலும் உழைத்துத் தேய்ந்த ஒரு கையின் ரேகைகளுக்கு நடுவே, ஒரு ரூபாய்க் காசளவில், சூரியன் மோதிரமாகக் கிடக்கிறது. உலகில் வேறு எவரிடமும் இந்தப் படம் இல்லை.

இதில் வியப்பு என்னவெனில், மருமகள் அறியாமலே செய்தது மிகப் பழைய முறை. சிறு துவாரம் எந்த வடிவில் இருந்தாலும், அதன் வழியே போதிய தூரம் சென்று விழும் ஒளி, துவாரத்தின் வடிவை மறந்து சூரியனின் வடிவையே காட்டும்; தலைகீழாகவும் இடவலம் மாறியும் காட்டும். கி.பி. 1544-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் நிகழ்ந்த கிரகணத்தை, பெல்ஜிய நாட்டு லூவேன் நகரில் ஜெம்மா ஃபிரிசியுஸ் என்ற அறிஞர், இருட்டாக்கிய ஓர் அறையின் சுவரில் சிறு துளை வழியே விழச் செய்து கண்டார். மறு ஆண்டு அதைச் சித்திரமாக அச்சிட்டு நூலில் சேர்த்தார். இருட்டறை என்பதற்கான லத்தீன் சொல் 'காமெரா ஒப்ஸ்கூரா'. அதில் 'காமெரா' என்றால் அறை என்று பொருள். நாம் தோளில் மாட்டித் திரியும் கருவிக்கு அந்த அறையிடமிருந்துதான் பெயர் வந்தது. ஆக, அன்று நாம் ஒரு சிறு கேமராவோடு மைதானத்தில் போராடிக்கொண்டிருந்தபோது, நம் தாயாரும் மருமகளும் ஒரு பெரிய கேமராவுக்கு உள்ளேயே அமர்ந்திருந்தார்கள்!

கனமான கருவிகளை நாம் இகழ்வதாக எவரும் எண்ண வேண்டாம். அவற்றுக்கும் ஒரு காலமும் ஒரு கடமையும் உண்டு. முழுச் சூரிய கிரகணத்தின் முதல் நல்ல படத்தை 1851-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள், அன்றைய பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பெர்க் நகரில் பெர்க்கோவ்ஸ்கி என்பவர் வெள்ளித் தகட்டில் எடுத்தார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1860 ஜூலை 18 அன்று, ஸ்பெயின் நாட்டில் மற்றொரு முழுக் கிரகணம். அப்போது சூரியனின் ஓரத்தில் தோன்றும் செந்நிறத் தீநாக்குகள் சூரியனுக்கு உரியவையா, சந்திரனுக்கு உரியவையா, அல்லது வெறும் கண்மயக்கா என்று அறிஞர்களிடையே வழக்கு இருந்தது. ஆங்கிலேயரான வாரன் டி லா ரூ ஓரிடத்தில் படம் எடுத்தார்; உரோமை நகரில் விண்ணாய்வுக் கூடத்தை நடத்திவந்த சேசு சபைக் குரு ஆஞ்செலோ செக்கி, அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி மத்தியதரைக் கடலோரத்து மலை ஒன்றில் படம் எடுக்க ஏற்பாடு செய்தார். இரு படங்களையும் ஒப்பிட்டபோது தீநாக்குகள் இரண்டிலும் ஒத்திருந்தன. சந்திரன் நகர நகர அவற்றை ஒரு பக்கம் மறைத்து, மறுபக்கம் வெளிப்படுத்தியது. ஆகவே அவை சூரியனுடையவையே என்று முடிவாயிற்று. 1871 டிசம்பர் 12-ஆம் நாள் நம் மண்ணில் தெரிந்த முழுக் கிரகணத்தைப் படம் பிடிக்க வெள்ளையர் நீலகிரியின் தொட்டபெட்டா உச்சிக்கும், மலையாளக் கரையின் பேக்கலுக்கும் பெட்டி பெட்டியாகக் கருவி சுமந்தனர். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அதே சூட்டில் இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டிய காலம் அது. அவர்களுக்கு விடை காண வேண்டிய கேள்வி இருந்தது, அதற்காகச் சுமந்தார்கள். நமக்கு அப்படி எந்தக் கேள்வியும் இல்லை. பிறர் எடுத்ததைப் போலவே நாமும் ஒன்று எடுக்க வேண்டும் என்ற ஆசை மட்டுமே இருந்தது.

கடிதம் எழுதிய அன்பருக்கு இனி நேராகச் சொல்கிறோம். வானத்துச் சூரியனைப் படம் பிடிக்கத்தான் பெருங்கருவி வேண்டும். தரையில் இறங்கி வந்த சூரியனைப் படம் பிடிக்க, உங்கள் வீட்டிலுள்ள சாதாரணக் கைப்பேசி தாராளமாகப் போதும். நிழற்படம் என்று நம் முன்னோர் எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்தார்கள்! கிரகண நாளில் நிழல்களே படங்களாகி விடுகின்றன.

ஓட்டு வீடு இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. வேப்பமரமோ புங்கமரமோ இருந்தால் அதன் இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு துவாரம். மரத்தடி முழுவதும் ஆயிரம் பிறைகள் சிதறிக் கிடக்கும். மரமும் இல்லையா? அடுக்களையிலிருந்து பூந்திக் கரண்டியை எடுத்து வாருங்கள். அதை வெயிலில் பிடித்தால் எத்தனை கண்களோ அத்தனை கிரகணங்கள். இடியாப்பத் தட்டும் மாவுச் சல்லடையும் அவ்வாறே. கரண்டியும் கைக்கு எட்டவில்லை என்றால், இரு கை விரல்களையும் பாய் முடைவது போல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் பிடியுங்கள். விரலிடுக்குகளில் பிறைகள் பிறக்கும். இதைவிட எளிய கருவியை இறைவன் நமக்குத் தரவில்லை.

பெரிய உருவம் வேண்டுமென்றால் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றின் மீது காகிதம் ஒட்டி, நடுவில் சிறுவிரல் நுழையாத அளவுக்கு ஒரு துளை விட்டு, அதை வெயிலில் வைத்து ஒளியைத் திண்ணையின் நிழலான சுவரில் அடிக்கச் செய்யுங்கள். கணக்கு மிக எளிது: தூரம் எவ்வளவோ அதில் ஏறத்தாழ நூற்றுப் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள சூரியன் தெரியும். 1 மீட்டர் தூரத்துக்கு 9 மில்லிமீட்டர். 10 மீட்டர் தூரத்துக்கு 9 சென்டிமீட்டர், அதாவது ஒரு சிறு சப்பாத்தி அளவு. குழந்தைகள் அந்தக் கண்ணாடியின் எதிரே வந்து அதனுள் பார்க்காதபடி ஒருவர் காவல் இருக்க வேண்டும்.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டொன்றுதான். காலையிலும் மாலையிலும் ஒளி சாய்ந்து விழுவதால் தரையில் பிறைகள் நீண்டு தோன்றும். ஒரு வெள்ளைத் தாளையோ, சட்டைத் துணியையோ சூரியனை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் அளவாக அமையும். கைப்பேசித் திரையில் பிறையின் மீது விரலை வைத்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். கிரகணம் முற்றும்போது வெயில் குன்றி, பாதரசம் பூசியது போல் ஆகிவிடும். ஆனால் கைப்பேசி அதைக் குறையென்று எண்ணித் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, நண்பகல் போலக் காட்டிவிடும். அதற்கு இடம் கொடாதீர்கள். மங்கியது மங்கலாகவே இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் முதுகைச் சூரியனுக்குக் காட்டி, முகத்தை மனிதர்களுக்குக் காட்டுங்கள். சட்டையில் பிறைகள் விழ நிற்கும் தம்பி, கரண்டியோடு வாசலுக்கு வந்த பாட்டி, தொட்டிலுக்கு மேல் ஆடும் ஒளி: இவை எப்போது அமையும் என்று தாளில் கட்டம் போட்டு எழுத இயலாது. அமையும்போது கை தயாராக இருந்தால் போதும்.

ஒரு கண்டிப்பான வார்த்தை. எளிய கருவி போதும் என்று சொன்னோம். கண்ணுக்கு எளிய காப்புப் போதும் என்று சொல்லவில்லை. புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே படச்சுருள், குளிர்க் கண்ணாடி, சாணம் கரைத்த நீரில் தெரியும் பிம்பம், இவற்றில் எதுவும் பாதுகாப்பானதன்று. விழித்திரைக்கு வலி தெரியாது. சுடுவதை உணராமலே பார்வை போய்விடும். வானத்தை நேரே பார்க்க விரும்புகிறவர்கள் ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரத்துக்கு உட்பட்ட, கீறலில்லாத கிரகணக் கண்ணாடியையோ, 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடியையோ பயன்படுத்தலாம். கங்கணக் கிரகணத்தில் வளையம் தெரியும் வேளையிலும் அதைக் கழற்றக் கூடாது. அந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு கேமராவின் பார்வைத் துளை வழியாகவோ, தொலைநோக்கி வழியாகவோ பார்ப்பது பெரும் ஆபத்து; வில்லையால் குவிந்த ஒளி அதையும் பொசுக்கிவிடும்.

இனி, விட்ட இடத்துக்கு வருவோம். அன்று கிரகணம் விலகிய பிறகு நம் தாயார் பேத்தியைக் குளிக்கச் சொன்னார், கேட்டவள் மறுக்கவில்லை. மோதிரத்தைக் கையில் ஏந்தியதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. நாமும் கேட்கவில்லை. குழந்தையின் உதடு தாயின் வயிற்றில் ஏழாம் வாரத்துக்குள்ளேயே இணைந்து விடுகிறதென்றும், ஏழாம் மாதத்துக் கிரகணம் அதை எதுவும் செய்ய முடியாதென்றும், பிளவு பிறவியிலேயே இருந்தால் இன்று சில மாதக் குழந்தைக்கே அறுவை சிகிச்சை செய்து சரிசெய்து விடுகிறார்கள் என்றும் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு வந்து ஒரு மாலையில் அவரிடம் விளக்கினோம். முழுவதும் கேட்டார். நெடுநேரம் கழித்து, "அப்போ எங்க அம்மா காய் நறுக்கினதுனால இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அதை யாரும் அவகிட்ட சொல்லலையே" என்றார்.

2020 மார்ச் மாதத் தொடக்கத்தில் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊரடங்கு அறிவிக்கப்படுவதற்கு முன் மருத்துவமனைக்குச் சென்று பார்த்துவிட்டு வந்தவர்களில் நம் தாயாரும் ஒருவர். துணியை விலக்கி முதலில் உதட்டைத்தான் பார்த்தார் என்று சகோதரி சொன்னார். 2022-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய முகம் தெரியும் படங்கள் நம் குடும்பத்தில் பல உண்டு. கையை மட்டும் காட்டும் படம் அது ஒன்றுதான். நாம் எடுத்த 96 படங்களில் எதையும் எவரும் கேட்டதில்லை. அந்த ஒரு படத்தை மட்டும் உறவினர் ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அன்பருக்கு இறுதியாக: பணத்தை உங்கள் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2027 ஆகஸ்டு 2-ஆம் நாள் எகிப்து முதலிய நாடுகளில் முழுமையாகத் தெரியும் கிரகணம், நம் நாட்டின் பல பகுதிகளில் மாலையில் சிறு கடியாக மட்டும் தெரியும். பூந்திக் கரண்டியைப் பழகிக்கொள்ள அது ஏற்றது. அதன்பின் 2031 மே 21-ஆம் நாள், புதன்கிழமை, மீண்டும் ஒரு கங்கணக் கிரகணம் கேரளத்தின் தென்பகுதி வழியாக மதுரையைத் தொட்டுச் செல்கிறது. பிற்பகல் 1 மணியை ஒட்டி, கோடை விடுமுறையில், சூரியன் உச்சிக்கு அருகில் நிற்கும் நேரம். மரத்தடி மோதிரங்கள் நீளாமல் ஏறத்தாழ வட்டமாகவே விழும்.

மருமகள் இப்போது மதுரையில்தான் கணவர் வீட்டில் இருக்கிறாள். குழந்தைக்கு அன்று பதினோரு வயது ஆகியிருக்கும். சென்ற முறை பார்த்தபோது, "மாமா, நாங்க இருக்கிறது மாடி வீடாச்சே, அம்மாச்சி வீட்டையும் இடிச்சுத் தளம் போட்டாச்சே, மோதிரம் எப்படி உள்ளே வரும்?" என்று கேட்டாள். மொட்டை மாடிக்குக் கரண்டியோடு வா என்று சொல்லியிருக்கிறோம். இரவல் கேமராவையும் முக்காலியையும் உரியவர்களிடம் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டோம்.